தலைக்கு இருநூறு

மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு மாடியறையில் எட்டுப் பேர் போக்கர் ஆடுவோம். வாலாஜாபாத்தில் போக்கரா என்று நீங்கள் சிரிக்கலாம். எங்கள் அப்பா காலத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்தின் பின்பக்கம் ரம்மி ஓடும். சாவு வீட்டில் விடியும்வரை கண்விழிக்கவும் ரம்மி ஓடும். நாங்கள் கொரோனா ஊரடங்கில் செல்போனில் போக்கர் கற்றுக்கொண்டோம். ஊரடங்கு முடிந்ததும் போனை வைத்துவிட்டு நேரில் உட்கார்ந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டுப் பேரும் ஒரே பள்ளிக்கூடம். நான்கு பேர் ஒரகடம் பக்கம் கம்பெனிகளில் ஷிஃப்ட் போகிறவர்கள். ஒருவன் காஞ்சிபுரத்தில் பைனான்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறான். ஒருவனுக்கு மருந்துக்கடை. ஒருவன் அய்யம்பேட்டையில் பட்டுத்தறி நெய்கிறான். நான் கணக்கு வாத்தியார். ஆகவே கூட்டத்தைக் கூட்டுவது, காசை வாங்கி வைப்பது, பிரித்துக் கொடுப்பது எல்லாம் என் தலையில்.

முதல் வருஷம் சாதாரண டோர்னமெண்ட்தான். எல்லாரும் காசு போட வேண்டியது, கடைசிவரை தாக்குப்பிடிக்கும் மூன்று பேர் எடுத்துக்கொள்ள வேண்டியது. முதலில் வெளியேறுகிறவனுக்கு அப்புறம் மூன்று மணி நேரம் வேலை இருக்காது. டீ போடுவான், செல்லைப் பார்ப்பான், பத்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுவான். இதற்கு ஒரு வழியாகத்தான் ஷிஃப்ட்காரன் ஒருவன் புரோக்ரெசிவ் பவுண்டியைக் கொண்டுவந்தான். "ஒவ்வொருத்தன் தலைக்கும் ஒரு விலை வெப்போம்டா. தூக்கினவனுக்குக் காசு. கடைசிவரைக்கும் சூடா இருக்கும்."

சூடாகத்தான் இருந்தது.

*

முறை இதுதான். ஆளுக்கு 400 ரூபாய். அதில் 200 பொதுப் பரிசுக்குப் போகும். எட்டுப் பேருக்கு 1,600. முதல் ஆளுக்கு 800, இரண்டாவதுக்கு 500, மூன்றாவதுக்கு 300. மீதி 200 அவரவர் தலைமேல். அதைக் கண்ணுக்குத் தெரியும்படி வைப்போம் என்று அம்மாவிடம் சொல்லி எட்டுச் சுருக்குப்பை தைத்து வாங்கினேன். ஆளுக்கொன்று கழுத்தில் தொங்கும். உள்ளே இரண்டு நூறு ரூபாய் நோட்டு.

உங்களை நான் ஆட்டத்திலிருந்து வெளியேற்றினால் உங்கள் பை இரண்டாகப் பிரியும். பாதி, அதாவது 100 ரூபாய், அந்த நிமிஷமே என் சட்டைப்பைக்கு வரும். மீதிப் பாதி என் சுருக்குப்பைக்குள் போகும். இப்போது என் தலை 300. என்னை ஒருவன் தூக்கினால் அவனுக்குக் கையில் 150, கழுத்தில் 150. அவன் அதுவரை யாரையும் தூக்காதவன் என்றால் அவன் தலை 350 ஆகிவிடும். கடைசியில் நிற்பவனைத் தூக்க ஆள் இல்லை. தன் பையைத் தானே முழுசாக எடுத்துக்கொள்வான். பாதியாக்கும்போது ஒற்றைப்படை வந்தால் அந்த ஒரு ரூபாய் கைக்கு.

கணக்கு வாத்தியாருக்கு இதில் ஒரு சுகம் உண்டு. எங்கு எப்படிப் போனாலும் 1,600 ரூபாய் 1,600 ரூபாயாகவே இருக்கும். ஒருவனே மற்ற ஏழு பேரையும் தூக்கினான் என்று வையுங்கள். ஏழு நூறு கையில், தன்னுடைய 200உம் இன்னொரு 700உம் கழுத்தில், மொத்தம் 1,600. ஒரு ரூபாய் பிசகாது. வீட்டுக்காரன் என்று நான் ஒரு பைசா எடுப்பதில்லை. டீத்தூளும் பாலும் என் செலவு. இதைவிட நியாயமான ஆட்டம் இருக்க முடியுமா என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நியாயத்தில் நாங்கள் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு ராத்திரி மூன்று பேர் ஒரே கையில் இருப்பதை எல்லாம் வைத்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரனிடம் 2,000 சிப்ஸ், பைனான்ஸ்காரனிடம் 5,000, ஷிஃப்ட்காரனிடம் 9,000. மூன்று பேருக்கும் பொதுவான குவியல் 6,000. மருந்துக்கடைக்காரனுக்கு எட்டாத பக்கக் குவியல், மற்ற இருவருக்கு மட்டுமானது, அதுவும் 6,000. சீட்டைத் திறந்தால் மருந்துக்கடைதான் முதல், ஷிஃப்ட் இரண்டாவது, பைனான்ஸ் காலி. பைனான்ஸ்காரனின் பையை நான் மருந்துக்கடைக்காரனிடம் பிரித்துக் கொடுத்துவிட்டேன். பெரிய கை அவனுடையதுதானே.

தப்பு. பைனான்ஸ்காரனின் கடைசிச் சிப்ஸ் கிடந்தது பக்கக் குவியலில். மருந்துக்கடைக்காரனுக்கு அதன்மேல் உரிமையே கிடையாது. ஒருவனின் கடைசிச் சிப்ஸை எவன் எடுக்கிறானோ அவன்தான் அவனைத் தூக்கினவன். ஆக பை ஷிஃப்ட்காரனுக்கு. இதை ஒத்துக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆனது. சத்தம், செல்போனில் தேடல், "நீ வாத்தியாரா இன்னாடா?" என்று கிண்டல். கடைசியில் நான் மன்னிப்புக் கேட்டு, கைக்குப் போன நூறையும் கழுத்துக்குப் போன நூறையும் இடம் மாற்றினேன். நூறு ரூபாய் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு எட்டு வளர்ந்த மனிதர்கள் அவ்வளவு அக்கறையோடு வாதாடியதை நினைத்து அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நூறு யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

*

அடுத்த மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

தறிக்காரன் அன்றைக்கு ஆரம்பத்தில் ஒருவனைத் தூக்கியிருந்தான். அவன் பையில் 300. அப்புறம் சீட்டு சரியில்லாமல் இறங்கி இறங்கி 6,000 சிப்ஸுக்கு வந்துவிட்டான். ஒரு கையில் அவ்வளவையும் நடுவில் தள்ளினான். அதற்கு முன்பே நடுவில் 1,500 கிடந்தது. என் முறை. என் கையில் கிளாவர் ஒன்பதும் கிளாவர் எட்டும். பெரிய சீட்டு இல்லை. அவன் நல்ல கை இல்லாமல் தள்ளுகிறவன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது கணக்கு. பை இல்லாத பழைய ஆட்டமாக இருந்தால், 6,000 வைத்து மொத்தம் 13,500ஐ எடுக்கப் பார்க்கிறேன். நூற்றுக்கு 44 தடவைக்கு மேல் ஜெயிக்கிற கை வேண்டும். என் கை நூற்றுக்கு முப்பத்துமூன்று என்று போட்டேன். வைக்கக்கூடாது. ஆனால் பை இருக்கிறது. அவனைத் தூக்கினால் கைக்கு 150 ரூபாய். ஆரம்பத்தில் பொதுப் பரிசுக்குப் போட்ட 200 ரூபாய்க்கு 10,000 சிப்ஸ் கொடுத்தோம். ஒரு ரூபாய் ஐம்பது சிப்ஸ். 150 ரூபாய் என்றால் 7,500 சிப்ஸ் மாதிரி. ஆக 6,000 வைத்து 21,000ஐ எடுக்கப் பார்க்கிறேன். நூற்றுக்கு 29 போதும். தாராளமாக வைக்கலாம்.

44க்கும் 29க்கும் நடுவில் என் நண்பன் உட்கார்ந்திருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தேன். வைத்தேன்.

அவன் கையில் ஏஸும் ராணியும். மேஜையில் ஒன்பது விழுந்தது. அவன் சுருக்குப்பையைக் கழுத்திலிருந்து எடுத்து என் முன்னால் வைத்து, "எடுத்துக்கடா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனான். எல்லாம் சரியாகவே நடந்தது. 150 கையில், 150 கழுத்தில்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை. குளித்துவிட்டு வருகிறேன், அம்மா மாடிப்படியில் நின்று, "ஒரு நானூறு இருந்தா குடுடா" என்றார். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். யாருக்கு என்று அப்புறம்தான் கேட்டேன். தறிக்காரன் பெண்சாதி வந்திருக்கிறாள். மகளிர் குழுவில் தவணை கட்டுகிற நாள், எடுத்து வைத்த காசு எங்கோ செலவாகிவிட்டது, கைமாத்தாக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எங்கே செலவானது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் நான், ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

நான் கொடுத்த நோட்டுகளில் அவன் பையிலிருந்து வந்ததும் இருந்திருக்கும். அவள் வீட்டுக் காசு, அவளுக்கே கடனாகப் போனது.

*

இந்த இடத்தில் நீங்கள் சொல்லக்கூடியதை எல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவன் குழந்தை இல்லை. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. விதி எல்லாருக்கும் ஒன்று. நான் ஏமாற்றவில்லை. நாளைக்கு என் தலையை அவன் எடுப்பான், நான் அழுவேனா?

சட்டத்திடம் போனால் அது வேறு கேள்விகளைக் கேட்கிறது. நம் மாநிலத்தின் 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம், வீட்டுக்காரர் ஆட்டத்தில் லாபம் பார்க்கிறாரா என்று கேட்கும். நீதிமன்றங்கள் திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்கும். ஆன்லைன் ரம்மியில் பணம் விட்டவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு, 2022இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, தமிழ்நாடு அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆன்லைனில் ஆடுவதே கூடாது என்றது. இவ்வளவு பெரிய வழக்குகளுக்கு நடுவில் எங்கள் மாடியறை ஒரு தூசு. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: என் கேள்விக்கு இந்த இரண்டு கேள்வியிலுமே இடமில்லை. நான் லாபம் பார்க்கவில்லை. 44ஐயும் 29ஐயும் மனசுக்குள் போட்டுப் பார்த்தது நிச்சயமாகத் திறமைதான். பிரச்சினை அந்தத் திறமையில் இருந்தது.

பழைய ஆட்டத்திலும் ஒருவன் வெளியேறினால்தான் மற்றவனுக்குப் பரிசு. ஆனால் அங்கே ஒருவன் போவது எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நல்லது, யாருக்கும் அப்போதே காசு இல்லை. நாங்கள் ஒரு நண்பனின் வெளியேற்றத்தை இன்னொரு நண்பனின் உடனடி வருமானமாக மாற்றினோம். எதற்குக் காசு என்று முடிவு செய்கிறவன், ஆடுகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்பதையும் முடிவு செய்துவிடுகிறான். நான் பைகளைக் கழுத்தில் தொங்கவிட்டேன். எல்லாரும் கழுத்தைப் பார்த்தார்கள்.

ஒரு மாதம் பையே இல்லாமல் ஆடிப் பார்த்தோம். அப்போதும் கண் கழுத்துக்குத்தான் போனது. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஊரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இருவர் செய்த ஆய்வொன்று 2000இல் வெளிவந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக நேரம் கழித்து வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் கூடியது. அதுவரை ஆயா காத்திருக்கிறாரே என்று கூச்சப்பட்டவர்கள், இப்போது காசு கொடுத்துத் தாமதிக்கலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பி வரவில்லை. விலை வந்து உட்கார்ந்த இடத்தில் விலையை எடுத்தாலும் தடம் இருக்கிறது.

*

'தலைக்கு எவ்வளவு?' என்று தமிழில் கேட்டால் இரண்டு அர்த்தம் வரும். ஆளுக்கு எவ்வளவு பங்கு என்பது ஒன்று. சுற்றுலாப் போக வேன் பேசும்போது கேட்பது. தலையைக் கொண்டுவந்தால் எவ்வளவு பரிசு என்பது இன்னொன்று. எங்கள் ஆட்டத்தில் இரண்டும் ஒரே 200 ரூபாய்.

தலைக்கு விலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் குமணன் ஞாபகம் வராமல் போகாது. புறநானூற்றின் 165ஆம் பாட்டு, பெருந்தலைச் சாத்தனார் பாடியது. முதிரமலைக் குமணனின் நாட்டைத் தம்பி இளங்குமணன் பிடுங்கிக்கொள்ள, அண்ணன் காட்டில் இருக்கிறான். அண்ணன் தலையைக் கொண்டுவருகிறவனுக்குப் பரிசு என்று தம்பி அறிவித்ததாகக் கதை. வறுமையோடு தேடி வந்த புலவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத குமணன், தன் வாளை எடுத்துக் கொடுக்கிறான். தலையை எடுத்துக்கொள், அதற்காவது காசு வரும் என்று. புலவர் தலையை எடுக்கவில்லை. வாளோடு தம்பியிடம் போய் நடந்ததைப் பாடினார்.

பள்ளிக்கூடத்தில் இதைக் கொடையின் உச்சம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாரும் குமணனையே பார்த்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் புலவரைப் பார்க்க ஆரம்பித்தேன். அவருடைய நிலைமையை யோசியுங்கள். வீட்டில் பசி. கையில் வாள். தலைக்கு விலை உறுதி. தலைக்குச் சொந்தக்காரன் முழுச் சம்மதம், சம்மதம் என்ன, அவன்தான் வற்புறுத்துகிறான். எங்கள் மாடியறை விதிப்படி பார்த்தால் புலவர் எடுத்திருக்க வேண்டும். கணக்கும் அவர் பக்கம். ஆனால் எதிராளியின் சம்மதம், தான் செய்யப்போவதற்கான பதில் ஆகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'அவன் ஒத்துக்கொண்டான்' என்பது அவனைப் பற்றிய செய்தி. நான் என்ன செய்யலாம் என்பது என்னைப் பற்றிய கேள்வி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். குமணன் தலை நிஜத் தலை. எங்களுடையது விளையாட்டுத் தலை. விளையாட்டில் வெட்டினால் யாருக்கும் ரத்தம் வராது. அதனால்தான் அது விளையாட்டு. இதை நான் ஒத்துக்கொள்கிறேன். சதுரங்கத்தில் ராஜாவை மடக்கிவிட்டு யாரும் அழுவதில்லை. சிலம்பத்தில் நண்பன்மேல் கம்பு விழுவது அன்புக்கு எதிரி இல்லை. ஒருவரை ஒருவர் தோற்கடிக்கலாம் என்ற அனுமதிதான் விளையாட்டின் சந்தோஷமே.

ஆனால் விளையாட்டுத் தலை எப்போது நிஜத் தலை ஆகிறது? கழுத்தில் தொங்கும் 200 ரூபாய் அந்த ஆளுக்கு விளையாட்டுக் காசாக இல்லாதபோது. இதைத்தான் நான் பார்க்கத் தவறினேன். ஆளுக்கு 400 என்பது சமம் என்று நினைத்தேன். ஷிஃப்ட்காரர்களுக்கு அது ஒரு பிரியாணி, ஒரு சினிமா. பைனான்ஸ்காரனுக்கு அதுகூட இல்லை. தறியில் கூலிக்கு நெய்கிறவனுக்குச் சேலை முடிந்தால்தான் கூலி. அவனுக்கு அது வேலை செய்த ஒரு பகல். நுழைவுக் காசு சமமாக இருந்தது. பந்தயம் சமமாக இல்லை. எட்டுப் பேர் ஒரே ஆட்டம் ஆடுகிறோம் என்று நினைத்தோம். ஏழு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் பணயம் வைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பணயமும் அவனுடையது மட்டும் இல்லை. பாரதத்துச் சூதில் தருமன் வைத்தது, இழந்தது எல்லாம் சரி; அவையில் இழுத்து நிறுத்தப்பட்டவள் ஆட்டத்தில் உட்காராதவள். தன்னை முதலில் தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்று அவள் கேட்ட கேள்விக்குப் பீஷ்மர்கூட நேராகப் பதில் சொல்லவில்லை. எங்கள் மாடியறைக்கு வராத, சீட்டைத் தொடாத ஒருத்தி மறுநாள் காலை எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

*

ரெண்டு நாள் கழித்து 400 ரூபாயை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தறிக்குழியில் இருந்தான். அது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒன்று, மறுகரைக்கு ஒன்று என்று மூன்று நாடா ஓடும். மறுகரை நாடாவை வாங்கிப் போட பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அவன் அக்கா மகன் உட்கார்ந்திருந்தான். அந்தப் பையன் எழுந்து போனால் தறி நின்றுவிடும். பக்கத்து ஆள் போனால் நஷ்டம் என்றிருக்கும் இடத்திலிருந்து, பக்கத்து ஆள் போனால் லாபம் என்றிருக்கும் இடத்துக்கு அவன் மாதம் ஒரு ராத்திரி வந்துகொண்டிருந்தான்.

பையனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுக் காசை நீட்டினேன்.

"இன்னாடா இது?"

"அன்னிக்கி ஆட்டக் காசு."

"ஜெயிச்சது நீ. எங்கிட்ட ஏன் குடுக்கற?"

"இல்ல, குழுத் தவணைன்னு…"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா சொன்னாங்களா?"

"ம்."

"பைனான்ஸ்காரங்கிட்ட ஜெயிச்சா திருப்பிக் குடுப்பியா?"

"…"

"மாட்ட இல்ல? அப்பொ எனக்கு மட்டும் ஏன்? நான் ஆட வந்தேன்டா. தவணக் காசுன்னு தெரிஞ்சுதான் எடுத்துகினு வந்தேன். தப்பு என்னுது. அத எங்க வூட்டுல நான் பேசிக்கறேன். நீ இன்னா பண்ணுவ தெரியுமா, இனிமே என்னக் கூப்பிடாம வுட்டுடுவ. அத மட்டும் பண்ணாத."

காசை மடித்து என் பையில் அவனே வைத்தான்.

அவன் சொன்னது சரி. ஜெயித்ததைத் திருப்பிக் கொடுத்தால், நீ ஆடினது ஆட்டமே இல்லை, நாங்கள் உன்னை ஆடவிட்டோம் என்று அர்த்தம். அவனிடமிருந்து 400 ரூபாயை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆட்டக்காரன் என்கிற இடத்தையும் எடுக்கப் போயிருந்தேன். அவனைக் கூப்பிடாமல் விடுவது அதைவிட மோசம். அவனுக்கு எது அதிகம் என்று முடிவு செய்ய நான் யார்?

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு ஒன்று பிரிந்தது. அந்த ராத்திரி நான் இரண்டு ஆளாக உட்கார்ந்திருந்தேன். ஒன்று ஆடுகிறவன். அவன் 29 போதும் என்று கணக்குப் போட்டு வைத்தது தப்பில்லை. எதிரே இருப்பவனை விட்டுக்கொடுத்து ஆடினால் அது அவனுக்கு அவமானம். இன்னொன்று ஆட்டத்தை நடத்துகிறவன். 400 என்று சொன்னவன், பாதியைத் தலைமேல் வைத்தவன், பையைத் தைத்து வாங்கியவன். தப்பு அந்த இரண்டாவது ஆளுடையது. அது நடந்தது சீட்டுப் போட்ட பிறகு இல்லை, சனிக்கிழமைக்கு வெகு முன்னால், '400 ஓகேவா' என்று கேட்டபோது. அன்றைக்கு எல்லாரும் ஓகே என்றார்கள். அவனும் தலையசைத்தான். கூடப் படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து 'எனக்கு ஜாஸ்திடா' என்று சொல்ல ஆகும் விலை 400 ரூபாயைவிட அதிகம். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் வசதி.

*

இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அம்மா, அவருக்கே தெரியாமல். அவரும் சீட்டு நடத்துகிறவர். ஏலச்சீட்டு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை நான் யோசித்ததே இல்லை. தெருவில் இருபது பேர், மாதம் ஆளுக்கு ஒரு தொகை. அவசரம் உள்ளவர் அதிகம் தள்ளி எடுப்பார். அந்தத் தள்ளுபடியை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். உற்றுப் பார்த்தால் அங்கேயும் ஒருவரின் நெருக்கடிதான் மற்றவர்களின் வருமானம். ஆக அம்மாவின் சீட்டு உத்தமம், என் சீட்டு பாவம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவர் செய்கிற ஒன்றை நான் செய்ததில்லை. சீட்டு ஆரம்பிக்கும் முன் தொகையைக் கூட்டத்தில் கேட்க மாட்டார். யாருக்கு எவ்வளவு முடியும் என்று வீடு வீடாகத் தெரியும். அதில் ஆகக் கஷ்டப்படுகிறவர் மூச்சுத் திணறாமல் கட்டக்கூடிய தொகையை வைப்பார். ஏன் இவ்வளவு குறைச்சல் என்று யாராவது கேட்டால், "எனக்கு அதான் கணக்கு வெக்க சுலபம்" என்பார். யாருக்காகக் குறைத்தார் என்று ஒருநாளும் வெளியில் வராது.

அடுத்த மாதம் நான் குரூப்பில் போட்டேன்: இனி 160 ரூபாய். 80 பரிசுக்கு, 80 தலைக்கு. ஏன் என்று கேட்டார்கள். 80இல் பாதி 40, 120இல் பாதி 60, 140இல் பாதி 70, 150இல் பாதி 75. ஒற்றை ரூபாய்ச் சண்டை அவ்வளவாக வராது, எனக்குக் கணக்கு சுலபம் என்றேன். பொய்யும் இல்லை.

பைனான்ஸ்காரன் இரண்டு மாதம் வந்தான். "160 ரூபாய்க்கு ராத்திரி முழிக்கணுமா?" என்று நின்றுவிட்டான். அவன் சொல்வதும் புரிகிறது. வலிக்காத காசில் அவனுக்கு ஆட்டம் ருசிக்கவில்லை. ஒருவனுக்கு ருசிக்கும் அளவு இன்னொருவனுக்கு வலிக்கும் அளவாக இருந்தால் இருவரையும் ஒரே மேஜையில் வைத்திருக்க வழி இல்லையோ என்னவோ. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவனும் கூடப் படித்தவன்தான். அவனை இழந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

பைகளை எடுத்துவிடலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்று முதலில் சொன்னது தறிக்காரன். பழகப் பழக அந்த விதியில் எனக்கும் ஒன்று பிடித்திருக்கிறது. அடுத்தவனிடமிருந்து எடுத்ததில் பாதிதான் உன் சட்டைப்பைக்குள் போகும், மீதிப் பாதி உன் கழுத்திலேயே தொங்கும், எல்லாரும் பார்க்க. திருக்குறளில் சூது என்று ஒரு அதிகாரமே உண்டு, 94ஆவது. சூதில் கிடைத்த வெற்றியை மீன் விழுங்கின தூண்டிலோடு ஒப்பிட்டுத்தான் வள்ளுவர் அதை ஆரம்பிக்கிறார். எங்கள் ஆட்டத்தில் தூண்டில் கண்ணுக்கே தெரிகிறது என்பது ஒரு விதத்தில் யோக்கியம்தான். வெளியில் அது அவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை.

அவன் பெண்சாதி அந்த நானூறை இருநூறு இருநூறாக இரண்டு மாதத்தில் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. சொன்னால் ஏன் என்று அம்மா கேட்பார். இரண்டாவது இருநூறு வந்த அன்று அம்மா நோட்டில் கோடு போட்டு அடித்துவிட்டு, காசை என்னிடம் நீட்டி, "உன்னுதுதானே, வெச்சுக்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

பைனான்ஸ்காரனின் சுருக்குப்பை மாடியறை ஆணியில் தொங்குகிறது. இந்தச் சனிக்கிழமையும் ஏழு பேர்தான்.